நடக்காத பயிற்சிக்கு ஐந்து கையெழுத்து

ஊரப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஆஸ்டினுக்கு,

சிட்டிபாபு எழுதுவது. நீயும் பியூலாவும் குழந்தையும் புனேயில் சுகமாக இருப்பீர்கள். என் நலத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுகிறது, பதில் இல்லை. உன் மாமியாரிடம் முகவரி வாங்கி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். இதையாவது பிரித்துப் படி.

பதினொரு வருடத்துக்கு முன் மறைமலை நகர் டேட்டா சென்டரில் ஒரே நாளில் ஜெனரேட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தவர்கள் நாம். நீ மாலை வகுப்பில் இன்ஜினியரிங் படித்த மூன்று வருடமும் உன் ஷிஃப்டையும் சேர்த்து நான்தான் பார்த்தேன். இதையெல்லாம் சொல்லிக்காட்ட எழுதவில்லை. இல்லை, சொல்லிக்காட்டத்தான் எழுதுகிறேன்.

நம் பழக்கம் உனக்குத் தெரியும். கரண்ட் போனால் பத்து எண்ணுவதற்குள் ஜெனரேட்டர் உறும வேண்டும். உறுமாவிட்டால் ஓடிப்போய்க் கையால் கிளப்ப வேண்டும். நீ அதிகாரியான பிறகு வந்த ஃப்யூயல் செல் பெட்டிகள் அப்படியில்லை. எரிவாயுவை வாங்கிக்கொண்டு, எஞ்சின் இல்லாமலே மின்சாரம் தருகின்றன. பக்கத்தில் நின்றாலும் ஃபேன் ஓடுகிற அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை. கரண்ட் போனாலும் சர்வர்களை அவையே தாங்கிக்கொள்ளும், நாம் திரையை மட்டும் பார்த்தால் போதும். இதைச் சொல்லித்தரத்தான் இரண்டு நாள் பயிற்சி என்றார்கள்.

நீ எடுக்க வேண்டிய அந்தப் பயிற்சி நடக்கவே இல்லை. பயிற்சிக்கு வந்ததாகக் காட்டும் ரிஜிஸ்டரை நீட்டி, "டைமே இல்ல மச்சான், கையெழுத்த மட்டும் போடு, அடுத்த வாரம் நானே உக்காந்து சொல்றேன்" என்றாய். நான் போட்டேன். என்னோடு ஷிஃப்ட் பார்க்கும் துரை தயங்கினான். நம்ம ஆஸ்டின்தானே, போடுடா என்று அவனையும் மற்ற மூன்று பேரையும் போட வைத்தவன் நான். அடுத்த வாரம் உனக்குப் பதவி உயர்வு வந்தது, புனேக்குப் போய்விட்டாய்.

போன மாதம் காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. பத்து எண்ணினேன். ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் நின்றுவிட்டது என்று பதறி ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கிளப்பினேன், துரையிடம் சர்வர்களின் லோடை அதற்கு மாற்றச் சொன்னேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் அப்படி மாற்றியதில்தான் நின்றன, ஜெனரேட்டரும் முழு லோடை எடுக்கவில்லை. ஒரு வரிசை சர்வர்கள் இருபது நிமிடம் அணைந்து கிடந்தன. எங்கள் இருவரையும் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

விசாரணையில் நான் பதற்றப்படவில்லை. ஆஸ்டின் உண்மையைச் சொல்வான் என்று நம்பினேன். அவர்கள் உன் மெயிலைப் படித்துக் காட்டினார்கள். இரண்டு நாளும் பயிற்சி கொடுத்தாயாம். நான் கேட்ட சந்தேகத்தையெல்லாம் தீர்த்து வைத்தாயாம். "சிட்டிபாபுவின் கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறாய். வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நான் கேட்காத கேள்விகளை உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

என் மனைவி ஜெயக்கொடியிடம் இன்னும் மெயிலைப் பற்றிச் சொல்லவில்லை. "ஆஸ்டின் அண்ணன் கிட்ட பேசுனீங்களா, அவரு பாத்துப்பாரு" என்று தினமும் சொல்கிறாள். துரைக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. என் முகத்துக்காகக் கையெழுத்துப் போட்டவன், இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வகுப்பே நடக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் கையெழுத்துப் போடச் சொன்னது யார் என்று கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருபதாம் தேதி மறுபடியும் கேட்பார்கள். எனக்காக என்றால் அன்றும் வாயைத் திறக்க மாட்டேன். துரைக்காகத் திறந்தே ஆக வேண்டும்.

கர்த்தர் உன்னையும் உன் குழந்தையையும் நன்றாக வைத்திருக்கட்டும். இருபதாம் தேதிக்குள் நீயே அவர்களுக்கு உண்மையை ஒரு வரி எழுதிவிடு ஆஸ்டின். உன் பெயரை என் வாயால் சொல்ல வைத்துவிடாதே.

இப்படிக்கு,
இருபதாம் தேதிவரை உன் மச்சான்,
சிட்டிபாபு