முழுக்கியவர் முழுகவில்லை

நவம்பர் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸ் எங்கும் சேறு. வெள்ளிவிழாவுக்குச் சபைச் சரித்திரத்தை இப்போதைய போதகரான நான்தான் எழுதித் தர வேண்டும். முதல் அத்தியாயமே நகரவில்லை.

சபையைத் தொடங்கிய பழைய போதகர் சாமுவேல் ஐயாவைப் பார்க்கப் போனேன். ரயில்வே குவார்ட்டர்ஸ், மகள் வீடு. ஒரே ஒரு விவரம்தான் கேட்டேன்: அவர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றது எங்கே, யார் கையால்?

காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நான் முழுகேல்லை, தம்பி."

யாழ்ப்பாணத்தில், கைக்குழந்தையாக, தலையில் தெளித்த தண்ணீர்தான். கடல் கடந்து இங்கே வந்தபின் வேதம் வாசித்து, முழுக்குதான் சரி என்று தெளிந்தாராம். முழுக்கிவிட ஆள் இல்லை. மற்றவர்களை முழுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை?

"ஒருத்தரும் கேக்கேல்லை."

தெளிப்பு செல்லாது என்று கிள்ளான் வரை பிரசங்கித்தவர். என்னை முழுக்கியவரும் அவர்தான்.

நவம்பர் 4, புதன்

தலைவலி. ரொட்டியில் எறும்பு.

சபைச் செயலாளர் ராஜமாணிக்கத்திடம் சொன்னது தப்பு. அந்தப் பக்கத்தையே விட்டுவிடச் சொல்கிறார். எழுதினால் நம் எல்லாருடைய ஞானஸ்நானமும் சந்தேகமாகிவிடுமாம். பக்கத்துச் சபைக்காரன் சிரிப்பானாம். அவர் மனைவி அடுப்படியிலிருந்து: இந்த வயதில் இன்னொரு தடவை ஆற்றில் இறங்க முடியாது, போன தடவை ஆற்றோடு போன சேலை போதும்.

வேதாகமக் கல்லூரியில் படித்த சபைச் சரித்திரத்திலும், முழுகாதவர் முழுக்கினால் செல்லுமா என்ற இதே குழப்பம் உண்டு. அப்போது வேடிக்கையாக இருந்தது.

நவம்பர் 6, வெள்ளி

பெரியவர் சாமுவேல் ஐயா ஆள் அனுப்பினார். ஞாயிறன்று நான் அவரை முழுக்க வேண்டும். பிறகு நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

அவர் கையால் முழுகியவன் நான். அவருடையது செல்லாது என்றால் என்னுடையது? என் கைக்கு என்ன அதிகாரம்? நேரில் போய்க் கேட்டேவிட்டேன்.

"அதை நீ யோசி. எனக்கு நேரமில்லை."

மகள் கிரேஸ் அக்கா வாசல் வரை பின்னால் வந்தார். நெஞ்செல்லாம் சளி, டாக்டர் குளிக்கவே விடவில்லை. "அப்பாவுக்கு ஏதும் நடந்தா, உம்மட சரித்திரத்தில அதையும் எழுதும்."

மறுக்கலாம். மறுத்தால் முழுகாமலே போய்ச் சேருவார். எல்லாரும் என்னிடமே வருகிறார்கள். எனக்கு யாரும் இல்லை.

நவம்பர் 8, ஞாயிறு

மழை விட்டிருந்தது. ஈயம் தோண்டி எடுத்துக் கைவிட்ட சுரங்கக் குட்டை. தேத்தண்ணி நிறம். கரையில் சபையார், குடைகள். நான் இடுப்பளவுத் தண்ணீரில்.

இறங்கும்போதே பெரியவருக்குக் கால் வழுக்கியது. தலை உட்பட உள்ளே போய்விட்டார். தூக்கினேன். இருமல். நிற்கவில்லை.

கிரேஸ் அக்கா: "முழுகியாச்சு. கரைக்கு வாங்கோ."

ராஜமாணிக்கம் குடையை ஆட்டினார்: "நீங்க பிதா குமாரன்னு வசனம் சொல்லலையே, ஐயா. இது கணக்கில வராது லா."

மறைக்கச் சொன்ன அதே மனிதர்.

போதும் என்று பெரியவரைக் கரைப்பக்கம் திருப்பினேன். வரவில்லை. உதடு நீலம். இருமலுக்கு நடுவே என்னையே பார்த்தார். மூக்கைத் தானே பிடித்துக்கொண்டார்.