தூங்குகிற அப்பா வேஷம்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் முட்டிவலி பரவாயில்லையா? சின்னவளுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். கிடங்கில் வேலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

இங்கே நம்மவர்கள் சேர்ந்து ஒரு குடும்ப நாடகம் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆள் தேர்வுக்கு நானும் போனேன். பெட்டி அடுக்கிக்கொண்டே அதில் வரும் மூத்த மகன் வேஷத்தின் வசனத்தை நாலு பக்கம் நெட்டுருப் போட்டிருந்தேன். ஷிப்டு முடிந்து நேராகப் போனதால், மேடையில் கிடந்த சோபாவில் சற்று உட்கார்ந்தேன். அப்படியே கண் அசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள்.

"மகன் வேஷமெல்லாம் வேணாம். அப்பாவா இப்படியே தூங்குங்க, போதும்," என்றார் நாடகத்தை நடத்துகிற தையற்கடைக்காரர்.

மூன்று காட்சியிலும் எனக்குத் தூக்கம்தான். சிரிக்காதே. கடைசியில் மனைவி வந்து திட்டி எழுப்ப வேண்டும். அந்த வேஷம் போடும் நர்ஸம்மா, நோயாளியை எழுப்புவதுபோல் மெதுவாகத் தோளைத் தொடுகிறார். எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. நீ என்னை எழுப்பும்போது திட்டுவதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்பு. அவருக்குக் காட்டத்தான்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாகவே திட்டு.

உன் வீட்டுக்காரன்