நோட்ஸ் எடுத்துப் படித்த குத்துச்சண்டை

1996 ஏப்ரல் 29, திங்கள்

பதினொரு பிள்ளைகள், ஐந்து டிவி. பாண்டி பஜார் நடைபாதையில் கேம் கேசட் விற்ற தேவானை நான், அபிராமபுரத்தில் ‘மிஸ்’ ஆகி இன்றோடு ஒரு மாதம். வீடியோ கேம் கடை என்று போர்டு மாட்டியிருந்தால் ஒரு மயிலாப்பூர் மாமியும் படி ஏறியிருக்க மாட்டாள். ‘கோச்சிங் சென்டர்’ என்றேன். டிபன் பாக்ஸோடு கொண்டுவந்து விடுகிறார்கள். உனக்கு ஆடத் தெரியுமா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. தெரியாது. நன்றாக ஆடும் பையன்களின் விரலைப் பார்த்து நோட்ஸ் எழுதி வைத்திருக்கிறேன். போதாதா?

மே 2

வலது, வலது, குதி, உதை. ஒப்பித்தால்தான் டிவி. அச்யுத்துக்கு அட்சரம் பிசகாது. அவன் அம்மா சாருலதா இன்று சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை அடையாறு சென்டரோட போட்டியாமே? இவன் தோத்தா எல்லாக் குழந்தேளையும் ஹிந்தி கிளாஸ்ல போட்டுடலாம்னு பேசிண்டிருக்கோம்.”

எல்லாரையுமா! அப்புறம் நான் மறுபடி நடைபாதைதான்.

மே 4

அச்யுத் கண்ணை மூடிக்கொண்டே மெஷினை ஏழு முறை வீழ்த்தினான். நாளைக்கு ஜெயித்த மாதிரிதான்.

மே 5, ஞாயிறு

நாசம்.

அதே சண்டை கேசட்தான். ஆனால் எதிரில் மெஷின் இல்லை, ஆள். அடையாறு சென்டர் பக்கம் ஊரூர் குப்பத்து அன்புக்கரசி. மெஷின் தினமும் ஒரே மாதிரி வரும், இவள் வருவாளா? அச்யுத் வலது, வலது, குதித்து உதைத்தான். அங்கே யாருமே இல்லை. அவள் பின்னாலிருந்து சாத்தினாள்.

“இன்னாடா, யார அட்ச்சிக்கினு கீற?”

மூன்று ஆட்டமும் போச்சு. அடையாறு சென்டர் நடத்தும் நூர் முஹம்மது என் காதில், “இன்னாக்கா, பையனுக்கு மந்திரம் கத்துக் குட்த்தியா?” என்கிறான். பாவி.

மே 6

காலையில் பதினொரு அம்மாக்களும் வாசலில். சரி, முடிந்தது என்று நின்றேன். சாருலதா மனு ஒன்றை நீட்டினாள்.

“இது அவுட் ஆஃப் சிலபஸ், மிஸ்! நோட்ஸ்ல இல்லாதத எப்படிக் கேக்கலாம்? மறு பரீட்சை வெக்கச் சொல்லுங்கோ. அதையும் பாத்துட்டு முடிவு பண்றோம்.”

பதினொரு கையெழுத்து. நூர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வரும் ஞாயிறு என்று ஒப்புக்கொண்டான்.

மே 7

அச்யுத் கேட்டான்: “யாரோட பழகறது மிஸ்? எல்லாரும் ஒரே நோட்ஸ். எல்லாரும் ஒரே நேரத்துல குதிக்கறா.”

நியாயம்தானே? இங்கே நோட்ஸ் மனப்பாடம் பண்ணாத ஜென்மம் ஒன்றே ஒன்று — நான். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். எது எதற்கென்று தெரியாமல் எல்லாப் பட்டனையும் அமுக்கினேன். டிவியில் அச்யுத்தின் ஆள் நாலு தடவை செத்தான்.

“என்ன பண்றேள் மிஸ்?”

“தெரிஞ்சா சொல்ல மாட்டனாடா?”

மே 10

இன்று அச்யுத் ஆட்டத்தில் என்னை ஒரு தடவை ஜெயித்துவிட்டான். எனக்கு ஏன் இவ்வளவு கோபம்?

மே 12, ஞாயிறு

ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. மூன்றாவதில் மயிரிழையில் அன்புக்கரசி. தோற்றவனும் ஜெயித்தவளும் எழுந்திருக்காமல் நாலாவது ஆட்டம் போட்டார்கள். அது போட்டிக் கணக்கிலேயே இல்லை.

சாருலதா என்னைத் தனியாக அழைத்தாள். ஹிந்தி கிளாஸ் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

“நீங்க பேய் மாதிரி ஆடறேள்னு அச்யுத் சொல்றான். நாளைக்கு இவன விட வரச்சே... எனக்கும் நோட்ஸ் தரேளா?”

“நோட்ஸ்லாம் இல்ல மாமி. வந்து குந்து, அடி.”