பம்பாய் வரை மூன்று மணி நேரம்

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
9-5-1984

என் மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய கணவருக்கு,

அமலராணி வணக்கத்துடன் வரைவது. மாதாவின் கிருபையால் இங்கு மாமாவும் ரீனாவும் நானும் நலம். துபாயில் தங்கள் உடல்நலமும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

விடுப்பு தள்ளிப்போனதாகத் தாங்கள் கொடுத்த தந்தி திங்கட்கிழமைதான் வந்தது. அதற்கு முந்தைய நாளே இங்கு விருந்து முடிந்துவிட்டது. ஞாயிறு காலை விமானம், மூன்று மணி நேரப் பயணம் என்று தாங்கள் எழுதியிருந்ததை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அன்று மதியத்திற்கே ஆட்டுக்கறி எடுத்துவந்துவிட்டார். விமானம் பம்பாயோடு நின்றுவிடும், அதன்பின் ரயில் என்று எடுத்துரைத்தேன். "ஏம்மா, திருச்சி பஸ்ஸே மூணு மணி நேரத்துல போயிருது. ஏரோப்ளேன் அதைவிட மெதுவாவா வரும்?" என்று என் வாயை அடைத்தார். இலையை விரித்துவைத்துவிட்டு மாலை வரை தெருமுனையில் நின்றார். பக்கத்து வீட்டு அங்காளம்மாள், "அண்ணே, உங்க மகன் வாரதுக்குள்ள சட்டியில கெடக்குற ஆடு உசுரோட எந்திரிச்சுப் போயிரும் போல" என்றாள். மாமாவும் சிரித்துவிட்டார். பிறகு குழம்பைத் தெருவுக்கே பங்கிட்டோம். தமக்கு ரசம் போதும் என்றார்.

அடுத்த மாதம் ஆறு நாள் மட்டும் விடுப்பு கிடைக்கும், வரட்டுமா என்று அதே தந்தியில் கேட்டிருக்கிறீர்கள். முடிவை என்னிடம் விட்டமைக்கு நன்றி. ஆராய்ந்தே விடை எழுதுகிறேன்.

கன்னியர் மடத்து அட்லஸை இரவல் வாங்கித் தையல் நூலால் அளந்தேன். துபாயிலிருந்து பம்பாய்க்கு நூல் நீளம். பம்பாயிலிருந்து திண்டுக்கல்லுக்கு அதைவிடக் குறைவு. நீண்ட தூரத்தை மூன்று மணி நேரத்தில் கடக்கும் தாங்கள், குறைந்த தூரத்தைக் கடக்கச் சென்னையில் வண்டி மாறி இரண்டு இரவு கழிக்க வேண்டும். வரப் போக நான்கு நாள் வழியிலேயே தீர்ந்துவிடும். வீட்டில் இருக்கக் கிடைப்பது இரண்டே நாள்.

ரீனாவை எண்ணிப் பாருங்கள். சென்ற முறை அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே மூன்று நாள் பிடித்தது. மடியில் ஏறி அமரப் பழகியபின் தாங்கள் புறப்பட்டுவிட்டீர்கள். பெட்டி இருந்த மூலையைக் காட்டிக் காட்டி, எங்கே என்று வாரக்கணக்கில் என்னைக் கேட்டாள். அதை இன்னொரு முறை அக்குழந்தைக்குச் செய்ய வேண்டுமா?

மாமாவும், "அரக்கப்பறக்க வந்துட்டு ஓட வேணாம்னு எழுதும்மா. பெரிய லீவு கெடைக்கயில வரட்டும்" என்கிறார். சொல்லிவிட்டு, தாங்கள் படுக்கும் கட்டிலுக்குப் புதுக் கயிறு பின்னிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே, வர வேண்டாம் என்பதே முறையான விடை. குழந்தையின் பொருட்டு அதைத் தெளிவாக எழுதிவிட்டேன்.

என் பொருட்டும் ஒன்று எழுத அனுமதியுங்கள். தங்களை அடையாளம் கண்டுகொள்ள எனக்கு மூன்று நாள் தேவையில்லை. வந்துவிடுங்கள்.

கடல்மீதும் தண்டவாளத்தின்மீதும் மாதா தங்களுக்குத் துணை நிற்பாராக.

தங்கள்
அமலராணி