துளசித் தொட்டியில் பூனை

திருப்பதி
12.6.1998

சௌபாக்கியவதி ஸ்ரீஜாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நான் சௌக்கியம். முழங்கால் வலியும் சௌக்கியமாக என்னோடேயே இருக்கிறது. நவம்பரில் குழந்தை பிறக்கும் என்று எழுதியிருந்தாய். அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று அந்த வரியை இரண்டு தடவை உரக்கப் படித்தேன்.

என்னை அங்கே வரச் சொல்கிறாய். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் இந்தப் பூனை விஷயம்.

பால்கனியில் இருக்கும் துளசித் தொட்டியை ஒரு சாம்பல் பூனை தோண்டிப் போடுகிறது. அம்மா போனதிலிருந்து, ஒன்றரை வருஷமாக இதே உபத்திரவம். காலையில் சாளக்கிராமப் பெருமாளுக்குப் பால் திருமஞ்சனம் செய்கிறேன். அந்தப் பால் யார் காலிலும் படக்கூடாது என்று வழக்கம்போலத் துளசியின் வேரில் ஊற்றிவிட்டு உள்ளே வருகிறேன். துண்டை உதறி உடுத்துவதற்குள் மண் வெளியே, வேர் மேலே!

எலுமிச்சைத் தோல் போட்டேன். அதையும் சேர்த்துத் தோண்டியது. ஈர்க்குச்சிகளை நெருக்கமாக நட்டேன். அவற்றில் முதுகைச் சொறிந்துகொள்கிறது. பாத்திரம் தேய்க்க வரும் பச்சையம்மாள், "இன்னா சாமி, பூனெயோட மல்லுக்கட்டிக்கினு கீறீங்க? நாலு அந்துருண்டெ போடுங்க, ஓடிப்பூடும்" என்கிறாள். பெருமாளுக்குப் போகிற துளசியில் அந்துருண்டை நாற்றமா?

நாற்பது வருஷம் கோயில் மடப்பள்ளியில் அடுப்போடு போராடினவன் நான். ஒரு பூனையிடம் தோற்கமாட்டேன்.

அன்புள்ள அப்பா,
ஸௌரிராஜன்

எடிசன், நியூ ஜெர்ஸி
28.6.1998

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தில் என் குழந்தைக்கு இரண்டு வரி, பூனைக்கு ஒரு பக்கம். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளைக்கு இந்த இரண்டாயிரமாவது வருஷக் கம்ப்யூட்டர் வேலையில் ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீஸ்தான். பகல் முழுக்க வீட்டில் நானும் ஃப்ரிட்ஜின் சத்தமும். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. ஃபோனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீங்கள் "கேட்கலை, கேட்கலை" என்பீர்கள். அதனால் எழுதுகிறேன். அம்மா இருந்திருந்தால் நான் கேட்கவே வேண்டாம், ரசப்பொடி டப்பாவோடு வந்து நின்றிருப்பாள்.

விசாவுக்கான காகிதங்களை இதோடு அனுப்பியிருக்கிறேன். வாருங்கள்.

தொட்டியில் கூழாங்கல் பரப்பிப் பாருங்கள்.

உங்கள்,
ஸ்ரீஜா

திருப்பதி
20.7.1998

ஸ்ரீஜாவுக்கு ஆசீர்வாதம்.

கூழாங்கல் பரப்பினேன். பூனை ஒவ்வொன்றாக உருட்டிக் கீழ்வீட்டு யசோதாவின் வடகத்தில் தள்ளியது. அந்த அம்மாள் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தாள். பச்சையம்மாள் தன் ஊரான பங்காருபாளையத்துக்குப் போய்த் திரும்பும்போது முள் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். தொட்டியைச் சுற்றி வேலி கட்டினேன். பூனை தாண்டிக் குதித்தது. என் விரலில்தான் முள் ஏறியது.

நீ பயப்படுவது தெரிகிறது. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கேள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "துளசியை விட்டுடாதேங்கோ" என்றாள். கல்யாணமான புதிதில் சித்தூரிலிருந்து பாகாலா வழியாக வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்த செடியின் வம்சம் அது. விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். துளசி இருக்கிறவரை இந்த வீட்டைவிட்டு நகரமாட்டேன். பட்டுப்போனால் பெருமாள் உத்தரவு என்று அடுத்த விமானத்தில் ஏறுகிறேன்.

இப்போது அடித்தண்டு கறுத்துவிட்டது. ஒரே ஒரு கிளையில் இலை இருக்கிறது. தினமும் பாலைக் கொஞ்சம் கூட்டியே ஊற்றுகிறேன்.

அப்பா,
ஸௌரிராஜன்

எடிசன்
9.8.1998

அப்பாவுக்கு,

இதைப் படித்தால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பூனை ஏன் தோண்டுகிறது என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். நீங்கள் ஊற்றும் பாலுக்காகத்தான். அம்மா இருந்தவரை திருமஞ்சனப் பாலைத் துளசிக்கு ஊற்றச் சொல்லி நீங்கள் அவள் கையில் கொடுத்துவிட்டுப் பாசுரம் சேவிக்க உட்கார்ந்துவிடுவீர்கள். அவள் பாலை மாடிப்படி ஓரத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றிப் பூனைக்கு வைப்பாள். வட்டிலை அலம்பின தண்ணீர்தான் துளசிக்கு. "பாலை ஊத்தினா வேர் அழுகிடும்டீ. அப்பாகிட்டே சொல்லாதே, பெருமாள் பால் பூனைக்கான்னு குதிப்பார்" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

சத்தியத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை அப்பா. உங்கள் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்ததுமே, செடி போனால் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று தோன்றியது. அதனால்தான் பால் விஷயத்தைச் சொல்லாமல் கூழாங்கல் என்று எழுதினேன். அடுத்த கடிதத்தில் நீங்களும் அதையே சொன்னபோது சந்தோஷப்பட்டேன். ஒரே கிளையில் இலை என்று படித்தும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். அது அம்மாவின் செடி.

நாளையிலிருந்து பாலைக் கொட்டாங்கச்சியில் ஊற்றுங்கள். துளசி பிழைத்துவிடும். நீங்கள் வரமாட்டீர்கள். நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்ரீஜா

திருப்பதி
12.9.1998

என் குழந்தை ஸ்ரீஜாவுக்கு,

உன் கடிதம் வந்ததும் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீ அங்கே இருப்பதால் உனக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் கொட்டாங்கச்சியைத் தேடினேன். அது மாடிப்படி ஓரத்தில், இருந்த இடத்திலேயே இருந்தது. ஒன்றரை வருஷமாக அதைத் தாண்டித்தான் ஏறி இறங்கியிருக்கிறேன். பாலை ஊற்றினேன். பூனை வந்தது. குடித்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று. தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. அழுகின வேரை வெட்டி மண்ணை மாற்றினேன். நேற்றுக் காலை மூன்று கணுவில் தளிர்.

முப்பது வருஷம் அவள் என்னை ஏமாற்றியிருக்கிறாள். நீ இரண்டு மாதம். தாயைப்போலப் பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்?

செடி பட்டுப்போனால் வருகிறேன் என்று நான் எழுதியதுதான் முதல் தப்பு. அப்படிச் சொன்னால் பெற்ற பெண் என்ன நினைப்பாள் என்று யோசிக்கவில்லை. அதைச் சாகக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் உன் முகத்தில் விழித்திருக்க முடியாது. இப்போது அது நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதை இன்னொருவர் கையில் கொடுக்கலாம். பெருமாளைச் சித்தூரில் உன் மாமா வரதராஜன் வீட்டில் எழுந்தருளப் பண்ணியாயிற்று. வீட்டுச் சாவியும் துளசியும் பச்சையம்மாளிடம். துளசிக்குத் தண்ணீர், பூனைக்குப் பால். "நீ போய் கொயந்தெயப் பாரு சாமி, நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றாள். அம்மாவின் படத்திடமும் சொல்லிவிட்டேன்.

விசாவுக்குச் சென்னைக்கு 24ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். கொடுக்கமாட்டோம் என்றால் கொடுக்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். ரசப்பொடி அரைத்தாயிற்று.

நீ ஒன்று செய். அம்மா உன்னிடம் சொல்லி என்னிடம் சொல்லாதது இன்னும் என்னென்ன உண்டோ, எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தி வை. ஒன்றையும் விடாதே. குழந்தை தூங்குகிற நேரத்தில் ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லவேண்டும்.

வருகிறேன்.

அப்பா