ராணிக்குக் கீழே

4 மார்ச்

வகுப்பில் இன்று மூன்று சீட்டு போக்கர். சாங்கி விமான நிலையத்தில் நான் வேலை பார்த்த கடையை மூடிய பிறகு கிடைத்த வாய்ப்பு இது: கேசினோவில் சீட்டுப் போடும் டீலர். தேர்வில் தேறினால்தான் வேலை.

ஆட்டக்காரர் முதலில் ஒரு பந்தயம் வைக்கிறார். அவருக்கு மூன்று சீட்டு, எனக்கு மூன்று. தன் சீட்டைப் பார்த்துவிட்டு, அதே அளவு இன்னொரு பந்தயம் வைத்து ஆடலாம். அல்லது மடித்துவிட்டு முதல் பந்தயத்தை இழக்கலாம். ஆடினால் இருவர் சீட்டையும் ஒப்பிடுவோம். ஆனால் என்னிடம் ஜோடிகூடச் சேராமல், பெரிய சீட்டும் ராணிக்குக் கீழே இருந்தால், அவருடையது எவ்வளவு மட்டமானாலும் முதல் பந்தயம் அவருக்கு ஜெயம். இரண்டாவது அப்படியே அவருக்குத் திரும்பும்.

முதல் பந்தயத்துக்குப் பெயர் 'ஆன்டி'. "எந்த ஆன்ட்டிம்மா?" என்றாள் மகள் வர்ஷா.

6 மார்ச்

பழக ஒரு ஆள் வேண்டும். வர்ஷாவுக்குப் பரீட்சை. மிச்சம் இவர்தான், என் வீட்டுக்காரர்.

பக்கவாதத்துக்குப் பிறகு ஆதவனுக்கு வலது கை சரியாக எழவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன. தெரபிக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். இந்த பாசிர் ரிஸ் அடுக்குமாடி வீட்டை விட்டுக் கீழே இறங்குவதே இல்லை.

கேட்டேன். தலையாட்டினார்.

9 மார்ச்

தேக்கா சந்தையில் சட்டைப் பட்டன் வாங்கி வந்தேன், பந்தயக் காசுக்குப் பதிலாக.

14 மார்ச்

எந்தச் சீட்டு வந்தாலும் மடிக்கிறார். இன்று ஜோடி ஏஸ். அதையும் மடித்தார்.

கத்திவிட்டேன். "இப்படி மடிச்சுட்டே இருந்தா நான் எப்படிங்க பழகறது?"

வெகுநேரம் வாயை அசைத்தார். பிறகு, "எது வந்தாலும்... இனிமே... என்ன" என்றார்.

அவர் சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. நான் ஏன் கத்தினேன்?

15 மார்ச்

பட்டனை எடுக்கவில்லை.

22 மார்ச்

தேர்வு. தோற்றேன்.

ஆட்டக்காரரிடம் ஏழு, எட்டு, ஒன்பது. என்னிடம் மூன்றும் ஹார்ட். ஒரே ஜாதிதான் பெரிது என்று அவர் பந்தயத்தை வாரிக்கொண்டேன். இந்த ஆட்டத்தில் வரிசைதான் பெரிது. எனக்குத் தெரியும், தெரியும்... கை முந்திக்கொண்டது. பயிற்சியாளர் லிம், "ஒன் மோர் சான்ஸ் லா, சுசீலா" என்றார். அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டில் இவரிடம், "நான் போகலைங்க, எனக்கு இது வராது" என்று அழுதேன்.

23 மார்ச்

காலையில் சமையலறையிலிருந்து வந்தால், மேசை மேல் பட்டன்கள். வலது கையால் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தார். இரண்டு கீழே விழுந்து கிடந்தன.

"போடு" என்றார்.

போட்டேன். சீட்டைப் பார்த்தார். இன்னொரு பட்டனை முன்னே தள்ளினார். "ஆடறேன்."

திருப்பினார். ஒன்பது, ஐந்து, இரண்டு.

"இதை மடிக்கணும்ங்க. ராணி, ஆறு, நாலுக்குக் கீழ இருந்தா மடிக்கச் சொல்வாங்க."

"தெரியும்."

என் சீட்டைத் திருப்பினேன். ஜாக்கி, எட்டு, மூன்று. ராணிகூட இல்லை. அவருக்குத்தான் ஜெயம். ஒரு பட்டனைக் கொடுத்தபோது, பாதி வாயால் சிரித்தார். அந்தச் சிரிப்பை மறந்தே போயிருந்தேன்.

மத்தியானம் வரை ஆடினோம்.

30 மார்ச்

வரிசை, ஒரே ஜாதி, ஜோடி. தூக்கத்திலும் இதுதான். இப்போது நான் தப்பாக எடுத்தால் மேசையைத் தட்டுகிறார்.

5 ஏப்ரல்

தேறிவிட்டேன். லிம் கை குலுக்கினார்.

முதலில் இவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. விழுந்துவிட்டாரோ? வர்ஷாவை அழைத்தேன்.

"அப்பா வீட்ல இல்லம்மா. தெரபிக்குப் போயிருக்காரு."

"யார் கூட?"

"நான் வர்றேன்னேன், வேணாம்னுட்டாரு. தனியா. பஸ்ல."

ஊழியர் கேண்டீனில் போய் உட்கார்ந்தேன். தேறியதை வர்ஷாவிடம் சொல்ல மறந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.