தே அமோ என்பது என்ன காலம்?

‘இந்தாங்க’ என்று மட்டுமே நான் கூப்பிட, முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்திய என் வீட்டுக்காரருக்கு,

நல்லா இருக்கீகளா? சிவகாசியில் காலண்டர் சீசன் சூடுபிடித்துவிட்டது. உங்கள் பிரஸ்ஸில் புரூஃப் பார்க்க உங்கள் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். ஒற்றெழுத்தையெல்லாம் கோட்டை விடுகிறாளாம். உங்களுக்குத் தூக்கம் வராதே!

செமினரியில் சர்ச் சாமியார் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர் நீங்கள். அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் கொஞ்சம் லத்தீனும்தான். கல்யாணமான நாலாம் நாள், நாரணாபுரம் வீட்டில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து மெதுவாக, “தே அமோ” என்றீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. “யாரு, நானா தேமேன்னு இருக்கேன்? காலைல இருந்து இடுப்பொடிய வேலை பாக்கேன், கண்ணு தெரியலையா?” என்று கத்திவிட்டேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

“கோட்டிக்காரி, உன்னை நேசிக்கிறேன்னு அர்த்தம். ‘தே’ன்னா உன்னை. ‘அமோ’ன்னா நேசிக்கிறேன்.”

“இதுல நாங்கிற ஆளக் காணோமே?”

“கடைசில ‘ஓ’ன்னு நிக்குதுல்ல, அதான் நான். நம்ம ‘நேசிக்கிறேன்’ல ‘ஏன்’ நிக்கிற மாதிரி.”

அதற்குப் பிறகு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! நான் ஒரு தடவையாவது திருப்பிச் சொன்னேனா? “ஆமா, தேமேன்னு போங்க” என்று கேலி பண்ணியே காலத்தை ஓட்டிவிட்டேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னீர்களே, அப்போதும் உங்கள் தலையணையைச் சரிபண்ணிக்கொண்டே இருந்துவிட்டேன். பதிலுக்குக் காத்திருந்தீர்களா?

அதனால்தான் உங்கள் கல்லறைக் கல்லில் என் பதிலாக அந்த இரண்டு வார்த்தையையும் வெட்டச் சொன்னேன். போன வாரம் கல் வெட்டுகிறவருக்குக் கொடுக்க நம் மகன் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தான். ‘தே அமாவி’ என்றிருந்தது.

“என்னலே இது?”

“நேசித்தேன்னு அர்த்தம்மா. செல்போன்ல பாத்தேன். அப்பா போயிட்டாகல்ல, இறந்தகாலம்தான சரி?”

வந்ததே கோபம் எனக்கு.

“ஏலே, போனது உங்கப்பா. நேசிக்கிறது யாரு? நான் இருக்கேன்ல!”

உங்கள் சிவப்புப் பேனாவை எடுத்து ‘மாவி’யை அடித்து ‘மோ’ என்று திருத்தினேன். ஓரத்தில் நீங்கள் போடுவதுபோலவே சுழித்து ஒரு கையெழுத்தும் போட்டேன். அவன் அதை வாங்கிக்கொண்டு போனான்.

கல்லறைத் திருநாளுக்குள் கல் வந்துவிடும். மெழுகுவர்த்தியோடு வருவேன். ஊரே நின்று கேட்டாலும் சரி, அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். நீங்கள் தேமேயென்று படுத்திருந்து கேளுங்கள், போதும்.

அந்த ‘ஓ’வாக இன்னும் இங்கே நிற்கிற
உங்கள் மனைவி,
ஸ்டெல்லா